கணக்கில் வராத வாசனை

செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் சேர்ப்பதில் கல்பாசிக்குத் தனி இடம் உண்டு. டப்பாவில் இருக்கும் வரை அது பெரிதாக மணப்பதில்லை. சூடான எண்ணெயில் விழுந்ததும் தெருவுக்கே தெரிந்துவிடும். பெயரில் பாசி இருந்தாலும் தாவரவியலின்படி அது பாசி இனத்தைச் சேர்ந்ததில்லை. ஒரு பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது; அதனை லைக்கன் என்பார்கள். குளத்து நீரைப் பச்சையாக்கும் பாசி, ஆல்கா வகை. மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரிலும் மதில் மேலும் பச்சை வெல்வெட் விரித்தாற்போலப் படர்கிறதே, அது மூன்றாவது வகை. மாஸ் என்று தாவரவியலாளர்கள் அழைப்பது இதனைத்தான். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டு நாம் காலத்தை ஓட்டிவிட்டோம். இங்கே நான் எழுதப்போவது அந்த மூன்றாவது பாசியையும் அதன் உறவினர்களையும் பற்றி.

பொருளாதாரம் கற்பித்த ஒருவன் பாசியைப் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். பல ஆண்டுகளுக்கு முன், தாவரவியல் துறை நண்பர் ஒருவருடன் மாணவர்களை அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குச் சென்றிருந்தேன். ஓடைக்கரைப் பாறையில் தட்டையாக ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கு ஒன்றை அவர் கிள்ளி, விரல்களுக்கிடையே கசக்கி, என் மூக்கருகே நீட்டினார். காரமும் ஈரமண்ணும் கலந்தாற்போன்ற ஒரு நெடி. 'இதற்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது. பிறகு யாருக்காக இந்த வாசனை?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால், செலவு செய்வது யார், யாருக்காகச் செய்யப்படுகிறது, கைம்மாறாக என்ன கிடைக்கிறது என்பவை எங்கள் துறையின் அன்றாடக் கேள்விகள். பணி ஓய்வுக்குப் பின் அந்தக் கேள்வியின் பின்னால் போனேன்.

மாஸ், ஈரல் வடிவத்தால் பெயர்பெற்ற லிவர்வொர்ட், கொம்புபோல நீண்டு நிற்கும் உறுப்பினைக் கொண்ட ஹார்ன்வொர்ட் ஆகிய மூன்று கிளைகளைக் கொண்ட இந்தக் குடும்பத்துக்கு பிரையோஃபைட் என்பது பொதுப்பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 20,000 இனங்கள் உள்ளன. உண்மையான வேர், பூ, விதை எதுவும் இவற்றுக்கு இல்லை. நிலத்தில் முதன்முதலாகக் குடியேறிய தாவரங்களுக்கு இன்றிருப்பவற்றுள் மிக நெருக்கமானவை இவை. இவற்றின் மரபு 45 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது. பூக்கும் தாவரங்களோ 13 அல்லது 14 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தவை.

வாசனை என்பது என்ன? சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும் சிறிய மூலக்கூறுகள். டெர்பீன்கள், ஆல்கஹால்கள், கொழுப்பு அமிலங்கள் உடைந்து உண்டாகும் பொருள்கள் எனப் பல வகை. ஒரு செடி அவற்றை உருவாக்க வேண்டுமென்றால், ஒளிச்சேர்க்கையால் சேர்த்த கார்பனிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்க வேண்டும். மல்லிகைக் கொடிக்கு அது பெரிய சுமையாக இருக்காது. ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், நிழலில், ஈரம் இருக்கும் நேரத்தில் மட்டும் வளர்ந்து, வெயில் வந்தால் காய்ந்து சுருண்டுகொள்ளும் பாசியின் வருமானம் மிகச் சிறியது. அந்த வருமானத்தில் ஒரு பங்கைக் காற்றில் விடுகிறது என்றால் அதற்கு வலுவான காரணம் இருந்தாக வேண்டும். ஏழை வீட்டின் செலவுப் பட்டியலைப் பார்க்கும் பொருளியலாளன் எந்தக் கண்ணோடு பார்ப்பானோ, அந்தக் கண்ணோடுதான் நான் இதைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் காரணம் இனப்பெருக்கம். பல பாசி இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் விந்தணு இரண்டு நுண்ணிய இழைகளைத் துழாவி நீரில் நீந்திப் பெண் செடியின் முட்டையை அடைய வேண்டும். மழைத்துளியோ பனித்துளியோ ஏற்படுத்தும் மெல்லிய நீர்ப்படலமே அதன் பாதை. சில சென்டிமீட்டர் இடைவெளியே அதற்குக் கடக்க அரிய தூரம். 'நீர் இல்லையேல் கருவுறுதல் இல்லை' என்று கல்லூரிப் பாடநூல்கள் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டன. பல தலைமுறை மாணவர்கள் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள்.

2006-ஆம் ஆண்டு, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில்ஸ் குரோன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் அந்த வரியைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வெள்ளிப் பாசி. உலகின் பெரும்பாலான நகரங்களின் நடைபாதை இடுக்குகளில் வளரும் மிகச் சாதாரணமான இனம். ஆண் பாசித் திட்டுகளையும் பெண் பாசித் திட்டுகளையும் ஒட்டியும், 2 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டும் வைத்தார்கள். நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நீரை அது உறிஞ்சிவிடும், நீந்த வழியில்லை. ஒட்டிவைத்த திட்டுகளில் மட்டும் கருவுறுதல் நடந்தது. பிறகு ஸ்பிரிங்டெயில் எனப்படும் சிற்றுயிர்களையும் நுண்ணிய உண்ணிகளையும் அங்கே விட்டார்கள். ஸ்பிரிங்டெயில் என்பது கடுகளவே உள்ள, வயிற்றடியில் மடித்து வைத்த வாலைச் சுண்டித் துள்ளும் உயிர். நம் வீட்டுத் தொட்டி மண்ணைக் கிளறினாலும் தென்படும். அவை வந்தபின், இடைவெளி விட்டு வைக்கப்பட்ட திட்டுகளிலும் கருவுறுதல் நடந்தது. அதுமட்டுமல்ல, மலட்டுத் தண்டுகளை விட இனப்பெருக்கத்துக்குத் தயாரான தண்டுகளையே அவை நாடிச் சென்றன. தயாரான தண்டு எது என்று அவற்றுக்கு எப்படித் தெரிந்தது?

விடை 2012-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்தது. போர்ட்லாண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தின் டாட் ரோசன்ஸ்டீலும் சாரா எப்லியும் அவர்கள் குழுவினரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. எரிந்த நிலத்திலும் கூரை ஓடுகளிலும் முளைக்கும் செரடோடான் என்ற பாசி, பூக்களின் வாசனைக்கு ஈடான வேதிச் சிக்கல் கொண்ட ஒரு வாசனைக் கலவையைக் காற்றில் விடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆண் பாசியின் கலவை வேறு, பெண் பாசியின் கலவை வேறு. இரு பக்கமும் காற்று வரும் குழாயில் ஸ்பிரிங்டெயில்களை விட்டு, ஒரு பக்கம் ஆண் வாசனையும் மறுபக்கம் பெண் வாசனையும் செலுத்தியபோது, அவை பெண் பாசியின் பக்கமே அதிகம் சென்றன. கண்ணாடிப் பேழைகளில் பாசி வளர்த்துச் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. மழைபோல நீர் தெளிக்கப்பட்ட பேழைகளிலும்கூட, ஸ்பிரிங்டெயில்கள் இருந்தபோது கருவுறுதல் கணிசமாகக் கூடியது. நீர் இருந்தாலும் தரகர் இருந்தால் வியாபாரம் பெருகுகிறது!

தேனீயும் பூவும் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலைத்தான் இயற்கையின் உன்னதமான ஒப்பந்தம் என்று நாம் இவ்வளவு நாள் சொல்லி வந்திருக்கிறோம். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் கிடைத்த ஸ்பிரிங்டெயில் புதைபடிவம் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையானது. பாசி அதைவிட மூத்தது. இரு தரப்பும் சந்தையில் இருந்த காலத்தில் பூவும் இல்லை, தேனீயும் இல்லை. வாசனையால் வாடிக்கையாளரை அழைக்கும் வழக்கத்தைப் பூக்கள்தான் கண்டுபிடித்தன என்ற எண்ணத்தை இனி மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை முதுநிலை வகுப்புகளில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒருவருடைய தரம் மற்றவருக்கு நேரடியாகத் தெரியாத சந்தையில், செலவு பிடிக்கும் ஓர் அடையாளத்தைக் காட்டித்தான் நம்பிக்கையைப் பெற முடியும் என்பது அதன் சாரம். வேலை தேடுபவரின் பட்டச் சான்றிதழ் அத்தகைய அடையாளம் என்றார் அவர். செரடோடான் பெண் செடியின் வாசனையை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். தாவரவியலாளர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஆனால் சந்தை என்றால் போலி விளம்பரமும் இருக்கும். அதற்கும் பாசியில் உதாரணம் உண்டு. வட ஐரோப்பா, கனடா, அலாஸ்கா ஆகிய பகுதிகளின் சதுப்பு நிலங்களில் ஸ்பிளாக்னம் என்ற பாசி வளர்கிறது. அது முளைப்பது மூஸ் என்னும் பெருமானின் சாணத்தின் மீது. அதன் நெருங்கிய உறவினமான டெட்ராப்ளோடான், ஊனுண்ணி விலங்குகளின் எச்சத்திலும், செத்த விலங்கின் எலும்பிலும் கொம்பிலும் வளரும். பாசிகளின் ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள் பொதுவாகக் காற்றில் பறந்து பரவும். பரந்த காட்டில் எங்கோ கிடக்கும் ஒரு புதிய சாணக் குவியலைக் காற்று எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்? ஆகவே இந்தப் பாசி ஈக்களை அமர்த்திக்கொள்கிறது. நுண்வித்துப் பையின் அடியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு குடை விரிகிறது. ஸ்பிளாக்னம் லூட்டியம் என்ற இனத்தில் அது சிறு பூவென்றே தோன்றும். அதிலிருந்து அழுகலும் சாணமும் கலந்த நெடி எழுகிறது. பியூட்டிரிக் அமிலம் போன்ற, கெட்டுப்போன வெண்ணெயில் நாம் உணரும் பொருள்கள் இந்தக் குடும்பத்தின் வாசனையில் இருப்பதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1970-களின் இறுதியிலேயே பிரித்துக் காட்டினார்கள். இனத்துக்கு இனம் கலவை மாறுகிறது. வரும் ஈக்களும் மாறுகின்றன.

ஈ வருகிறது, அங்குமிங்கும் நடக்கிறது, உடலில் பசைபோன்ற நுண்வித்துகள் ஒட்டிக்கொள்கின்றன. தேனும் இல்லை, முட்டையிடச் சாணமும் இல்லை. ஏமாந்த ஈ வேறிடம் போகிறது. அது உண்மையான புதிய சாணமாக இருக்கும்போது, முட்டையோடு பாசியின் வித்தும் அங்கே இறங்குகிறது. பழைய கார் சந்தையில் நல்ல வண்டியும் ஓட்டை வண்டியும் ஒரே விலைக்குப் போவதைப் பற்றி ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதினார். ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். போலி பெருகினால் சந்தையே மூடப்பட்டுவிடும் என்று அவர் எச்சரித்தார். சாணப் பாசியின் சந்தை மூடப்படாமல் இருக்கக் காரணம், ஈக்கு இறுதியில் உண்மைச் சாணம் கிடைத்துவிடுகிறது என்பதுதான். நல்ல நோட்டு புழங்கும் வரைதான் கள்ள நோட்டுக்கு வாழ்வு. மானும் மாட்டினமும் இல்லாமல் போன இடத்தில் இந்தப் பாசியின் வாசனைக்குப் பொருளே இல்லை.

கொடைக்கானலில் நண்பர் என் மூக்கருகே நீட்டியது லிவர்வொர்ட் வகை. அதன் வாசனை அழைப்பதற்கானது என்று சொல்ல முடியாது, விரட்டுவதற்கானது. பெரும்பாலான லிவர்வொர்ட்களின் செல்களுக்குள் எண்ணெய்த் திவலைகள் தனிச் சவ்வால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. வேறெந்தத் தாவரப் பிரிவிலும் இந்த அமைப்பு இல்லை. ஜப்பானின் தொகுஷிமாவில் பணியாற்றிய வேதியியலாளர் யோஷினோரி அசகாவா தம் வாழ்நாளையே இந்த எண்ணெய்களுக்குக் கொடுத்தார். சிலவற்றில் காளான் மணம், சிலவற்றில் நாக்கைச் சுடும் காரம். இந்த எண்ணெய்களின் செஸ்குவிடெர்பீன்களில் பெரும்பாலானவை, பூக்கும் தாவரங்களில் உள்ள அதே பொருளின் கண்ணாடி பிம்பங்களாக இருந்தன என்பது அவர் துறையின் வியப்பான முடிவுகளுள் ஒன்று. இடக்கைக் கையுறையும் வலக்கைக் கையுறையும் போல. ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. மார்க்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டில் எண்ணெய்த் திவலை உருவாகாதபடி மரபணுவை மாற்றி 2020-இல் சோதித்தபோது, தொட்டால் உருண்டுகொள்ளும் ஈரநிலச் சிற்றுயிர்கள் அதை விரும்பித் தின்றன. எண்ணெய் இருந்த செடிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

இந்தப் பாதுகாப்புச் செலவின் ஒரு பகுதி மனிதத் தொழிலாளியின் தோலில் வசூலிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரான்சில் ஓக் மரம் வெட்டுபவர்களுக்குக் கைகளிலும் முகத்திலும் தீராத அரிப்பும் புண்ணும் வந்துகொண்டிருந்தன. மரப்பட்டையில் படரும் ஃப்ருல்லேனியா என்ற லிவர்வொர்ட்டில் உள்ள ஒரு சேர்மமே காரணம் என்று 1960-களின் இறுதியில் கண்டறியப்பட்டது. மரத்துக்கு விலை உண்டு, கூலிக்கு விலை உண்டு. அந்த அரிப்பு எந்த விலையிலும் சேர்க்கப்படவில்லை.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டன் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா பல்லுயிர்ப் பொருளாதாரம் குறித்த பேரறிக்கையை 2021 பிப்ரவரியில் வெளியிட்டார். இயற்கையின் பெரும்பகுதி நடமாடுவது, ஓசையற்றது, கண்ணுக்குத் தெரியாதது; அதனாலேயே அதன் பயன்பாட்டுக்கும் அழிவுக்கும் விலை வைக்கச் சந்தை தவறிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் அடித்தளங்களில் ஒன்று. அடுத்த மாதமே, சூழலமைப்புகளைக் கணக்கில் கொண்டுவருவதற்கான வழிமுறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. நல்ல தொடக்கம். காடு எத்தனை ஹெக்டேர், சதுப்பு எத்தனை ஹெக்டேர் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். ஆனால் பாசியின் வாசனை அந்த மூன்று பண்புகளையும் ஒருசேரக் கொண்டது. எந்தப் பட்டியலிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

வரி இல்லாததன் விளைவைப் பார்க்க வேண்டுமானால், வாசனையின் ரகசியம் கண்டறியப்பட்ட அதே ஓரிகனுக்குப் போகலாம். அங்கே மரக்கிளைகளில் மெத்தைபோலத் தொங்கும் பாசியை உரித்து, காயவைத்து, எடைபோட்டுப் பூ அலங்கார வியாபாரத்துக்கு விற்கிறார்கள். உரித்த கிளையில் பழைய அளவுக்குப் பாசி திரும்ப வளரப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். தராசு காய்ந்த எடையை மட்டுமே அறியும். அந்த மெத்தைக்குள் இருந்த ஸ்பிரிங்டெயில்கள், உண்ணிகள், அவற்றை அங்கே சேர்த்து வைத்த வாசனை எல்லாம் காயும்போதே போய்விடுகின்றன. ஒரு கிலோ பாசியின் விலை என்று நாம் சொல்வது, கடையை இடித்து அதன் செங்கல்லை எடைக்கு விற்ற விலை.

இரண்டாவது விளைவு இன்னும் பெரிய அளவிலானது. ஓக் போன்ற மரங்கள் வெளியிடும் ஐசோபிரீன் என்ற வாயுவைப் பல மாஸ் இனங்களும் வெளியிடுகின்றன; வடக்கின் கரிச்சதுப்புகளைக் கட்டியெழுப்பும் ஸ்பேக்னம் பாசி அவற்றுள் ஒன்று. கரிச்சதுப்புகள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அங்கே புதைந்திருக்கிறது. உலகத் தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் ஐசோபிரீன் வெளியிடுகின்றன என்பது மதிப்பீடு. அதில் பெரும்பங்கு வெப்பமண்டல மரங்களுடையது. பாசியின் பங்கு சிறிது. இதை மறைத்து மிகைப்படுத்துவது நேர்மையாகாது. ஆயினும் இடம் முக்கியம். சதுப்புகள் மீத்தேனையும் வெளியிடுகின்றன. காற்றிலுள்ள மீத்தேனைச் சிதைப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சில் என்ற துகள். ஐசோபிரீன் அதே ஹைட்ராக்சிலைப் பிடித்துச் செலவழித்துவிட்டால், மீத்தேன் காற்றில் தங்கும் காலம் நீள்கிறது. ஒரே கடைக்காரர் இரண்டு வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டிய நிலை, முந்திக்கொண்டவருக்குச் சரக்கு.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில், சுவீடனின் அபிஸ்கோவில், குட்டைப் புதர்களும் பாசியும் படர்ந்த நிலத்தின் மீது சிறு பிளாஸ்டிக் கூடாரங்களை வைத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். கூடாரத்துக்குள் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியஸ் கூடுதல். வரப்போகும் உலகின் மாதிரி. 2010-இல் வெளியான முடிவின்படி, அந்தச் சிறு வெப்ப உயர்வுக்கே நிலத்திலிருந்து எழுந்த ஆவியாகும் சேர்மங்கள் இருமடங்காயின. புதருக்கும் பாசிக்கும் பொதுவான கணக்கு அது. ஆனால் காலநிலை மாதிரிகளை வடிவமைத்தவர்கள், குளிர்ந்த வடக்கு பெரிதாக எதையும் காற்றில் விடாது என்ற எண்ணத்தில் அதற்குச் சிறிய எண்ணையே நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். செலவு இருமடங்காகும் வீட்டில் பழைய வரவு செலவுத் திட்டத்தையே வைத்திருப்பது போன்றது இது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ, பழனி மலையின் மாஸ் இனங்களைச் சேகரித்துத் தொகுத்த பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. பெயரும் இடமும் அதில் உண்டு. வாசனையை அளக்கத் தேவைப்படுபவை எளியவை: பாசித் திட்டை மூடும் ஒரு கண்ணாடிக் குடுவை, அதனுள் தூய காற்றைச் செலுத்தும் சிறு பம்பு, வெளிவரும் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் உறிஞ்சுகுழல், அவற்றைப் பிரித்தறியும் வாயு குரோமட்டோகிராஃபி கருவி. கடைசிக் கருவி மட்டும்தான் விலை உயர்ந்தது. நம் மாநிலத்தின் பல பல்கலைக்கழகங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஃபோரோவின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இரண்டு மழைக்காலங்களைச் செண்பகனூரிலும் பேரிஜம் ஏரிப் பக்கத்திலும் கழிக்க ஒரு தாவரவியல் மாணவரும் ஒரு வேதியியல் மாணவரும் முன்வந்தால் போதும். குடுவைகளைச் சுமந்துகொண்டு உடன் வர நான் தயார்.